விமானியை வெளியே வீசும் சீட் செய்தவர்... நம்மை காருக்குள் பிடித்து வைத்த கதை! யார் இந்த நீல்ஸ் போலின்?

காரில் ஏறியதும் ஒரு கையால் இழுத்து 'க்ளிக்' என்று மாட்டுகிறோமே, அந்த மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தவர் நீல்ஸ் போலின். அதில் அப்படி என்ன விசேஷம்? பார்க்கலாம்.

விமானத்தில் தொடங்கிய வேலை

1920 ஜூலை 17-ல் ஸ்வீடனில் பிறந்தார் போலின். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, 1942-ல் சாப் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு தூக்கி வெளியே வீசும் எஜெக்‌ஷன் சீட்டுகளை அங்கே வடிவமைத்தார். திடீர் வேகத்தை மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. 1958-ல் வோல்வோ அவரை பாதுகாப்புப் பொறியாளராகச் சேர்த்துக்கொண்டது.

அப்போ அதுக்கு முன்னாடி பெல்ட்டே இல்லையா?

இருந்தது. ஆனால் பெரும்பாலும் இடுப்பைச் சுற்றி மட்டும்தான். பக்கிள் வயிற்றின் மேலேயே இருக்கும். மோதினால் நெஞ்சும் தலையும் முன்னால் பாயும். பெல்ட்டே குடலைக் காயப்படுத்தும். விமானி நாலு வார் மாட்டச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். சாதாரண ஆள் கொஞ்சம் கஷ்டமா இருந்தாலே மாட்ட மாட்டார். போலின் பிடித்த முக்கியமான புள்ளி இதுதான்.

அவர் கொடுத்த தீர்வு ரொம்ப எளிது. ஒரு பட்டி நெஞ்சுக்குக் குறுக்கே, இன்னொன்று இடுப்பெலும்பின் மேல். இரண்டும் வயிற்றின் மேல் இல்லாமல், இடுப்புக்குப் பக்கத்தில் கீழே ஒரே இடத்தில் சேரும்.

1959 ஆகஸ்டில் இந்த பெல்ட்டோடு முதல் வோல்வோ கார் விற்பனைக்குப் போனது. காப்புரிமை இருந்தும், மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ திறந்துவிட்டது. 1967-ல் 28,000 விபத்துகளை ஆராய்ந்த அறிக்கை, பெல்ட் உயிர் காக்கிறது என்பதை உறுதி செய்தது.

வீட்டில் கட்டும் காருக்கும் இதே பாடம்

அமெரிக்காவில் பழைய கார்களைப் பிரித்து, பெரிய இன்ஜின் வைத்து, வீட்டு கராஜிலேயே 'ஹாட் ராட்' கட்டுவார்கள். 1930-களின் அந்த கார்கள் பெல்ட் இல்லாமல் வந்தவை. கடையில் பெல்ட் வாங்கிவிடலாம். அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் உயிரே இருக்கு.

• மெல்லிய தகரத் தரையில் வெறும் போல்ட் போட்டால், மோதலில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின்னால் தடித்த இரும்புத் தகடு வேண்டும், அல்லது சேஸிஸோடு இணைக்க வேண்டும்.
• ஃபைபர் பாடி என்றால் அதில் மாட்டவே கூடாது, இரும்புச் சட்டத்தில்தான்.
• இடுப்புப் பட்டி எலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றில் அல்ல.
• மேல் முனை தோளுக்கு ரொம்பக் கீழே இருந்தால், மோதலில் பெல்ட் முதுகெலும்பைக் கீழே அழுத்தும்.

போலின் வரைந்த வடிவத்தின் சாரமும் இதுதான்: பெல்ட் நல்லா இருந்தா மட்டும் போதாது, அது பிடிக்கும் இடமும் சரியா இருக்கணும்.

கடைசி நாள்

1985-ல் ஓய்வு பெற்ற போலின், 2002 செப்டம்பர் 21-ல் 82 வயதில் காலமானார். அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர்கள் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டதும் அதே நாளில்தான்.