காட்மன் கேட்ட கணக்கு

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறோம். ஓராண்டு கழித்து நோயாளி வலியின்றி நடக்கிறாரா என்று கேட்பவர் அரிது. அக்கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேட்டு, அதற்கு விலையும் கொடுத்த ஒருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பாஸ்டன் நகர அறுவைச் சிகிச்சை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன்தான் அவர்.

1869-இல் பிறந்து ஹார்வர்டில் பயின்ற காட்மன், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றினார். தோள்மூட்டு நோய்களில் தனித் தேர்ச்சி பெற்றவர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வேண்டும்; ஓராண்டுக்குப் பின் அவரை மீண்டும் பரிசோதித்துப் பலனைப் பதிய வேண்டும்; பலன் கிட்டாவிடில் காரணத்தை ஆராய வேண்டும் என்பது அவரது கொள்கை. பணிமூப்பன்று, பலனே பதவி உயர்வுக்கு அளவுகோல் என வாதிட்டு, 1914-இல் அங்கிருந்து விலகினார்.

அவர் தாமே நடத்திய சிறு மருத்துவமனையிலிருந்து 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகள் வீடு திரும்பினர். அவர்களது சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளை அவரே அச்சிட்டு வெளியிட்டார். 1915-இல் மருத்துவர் கூட்டமொன்றில், நகரச் செல்வந்தர்களை மணலில் தலை புதைத்துப் பொன்முட்டையிடும் தீக்கோழியாகக் காட்டும் கேலிச்சித்திரத்தைத் திறந்துவைத்தார். சக மருத்துவர்கள் சினந்தனர். சங்கப் பொறுப்பு பறிபோனது. ஆயினும் 1920-இல் எலும்புப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கினார். 1934-இல் தோள்மூட்டு பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1940-இல் மறைந்தார். அவரது கல்லறைக்கு நெடுங்காலம் பெயர்க்கல்கூட இல்லை.

2016-இல் அமெரிக்காவின் மெடிகேர், இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சைகளில், நோயாளி வீடு திரும்பிய பின் 90 நாள்கள் வரையிலான செலவுக்கும் தரத்துக்கும் மருத்துவமனையையே பொறுப்பாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2024 வரை நடந்த அத்திட்டத்தில், இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை கிடைத்தது. தவறினால் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது.

இதைக் காட்மனின் வெற்றி என்று கொண்டாட எனக்குத் தயக்கமுண்டு. பலனுக்கேற்ற ஊதியம் என்றால், முதியவரையும் கடும் நீரிழிவு உள்ளவரையும் தவிர்க்கும் ஆசை எழக்கூடும். அவர் முதலில் கேட்டது வெகுமதியை அன்று, நேர்மையான கணக்கை. தன் பிழையைத் தானே எழுதிவைக்கும் துணிவு வராத இடத்தில், பலனுக்கு விலை வைப்பது வெறும் வணிகமாகவே முடியும். நம் மருத்துவமனைகளும் கட்டணப் பட்டியலுக்கு முன் அந்த அட்டையைத் தொடங்கட்டும்.