கல்லுப்பட்டிக் குடிசையில் ஒரு கணக்கர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. நம் கல்லூரி மாணவர்களில் பலர் அவ்வூரைப் பேருந்தில் பலமுறை கடந்திருப்பர். இறங்கிப் பார்த்தவர் சிலரே. அங்கே 1940இல் வெங்கடாசலபதி அவர்கள் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் பேராசிரியர் ஜே. சி. குமரப்பா. சுற்றுச்சூழல் என்றும் பசுமை வாழ்வு என்றும் இன்று உலகமெல்லாம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நூலாக எழுதி வைத்தவர் நமக்கு அடுத்த ஊர்க்காரராக வாழ்ந்தார் என்று அறிந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. பொருளியல் பயிலும் நண்பர்கள் அவரை அறிவர். வேதியியல் பயிலும் நான் அவரைப் படிக்கப் புகுந்ததற்குக் காரணம் வேறு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். இலண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்றார். 1919இல் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் 1927இல் அமெரிக்கா சென்று சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரவு செலவுக்கும் உள்ள உறவே அங்கு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு. ஆங்கிலேயரிடம் தொழில் கற்றவர், அவர்களுடைய கணக்குப் புத்தகத்தையே திறந்து பார்த்தார். நாடு ஏன் ஏழையாயிற்று என்பது அவருக்கு விளங்கிவிட்டது. குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

1929ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமம் சென்றார். மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவர்தாம் காந்தியடிகள் என்பது முதலில் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய ஆய்வைக் காந்தியடிகள் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். குஜராத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களுக்குச் சென்று மக்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்கும் பணியையும் கொடுத்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார் குமரப்பா. பம்பாய் அலுவலகத்துக்கு அவர் திரும்பவேயில்லை.

அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி 1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கம். துயர் துடைக்க நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவின் கணக்கைக் குமரப்பா ஏற்றார். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் உணவுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தவர்களும் பீகார் வந்தபோது, அந்தப் பரிவாரத்துக்கு ஆகும் கூடுதல் செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். அடிகளுக்கு அதனால் அவர்மேல் மதிப்பு உயர்ந்ததே தவிரக் குறையவில்லை. இன்று மரம் நடுவோம், குளம் தூர்வாருவோம், குருவி காப்போம் என்று எத்தனையோ அமைப்புகள் நம்மிடம் நன்கொடை கேட்கின்றன. கொடுக்க வேண்டியதுதான்; நல்ல பணிகள் பல அவற்றால் நடக்கின்றன. ஆனால் கொடுப்பவரும் கேட்க வேண்டும். எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்பதைவிட, போன ஆண்டு நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்பதே குமரப்பாவின் முறையாக இருக்கும். கரிசல் வெயிலில் சித்திரை தாண்டி நிற்கும் கன்றுதானே கன்று!

அதே 1934ஆம் ஆண்டு இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் தோன்றியது. அதன் செயலாளர் குமரப்பா. அதன் தலைமையிடமாகிய மகன்வாடியில் நடந்தவற்றைப் படித்தால் ஏதோ நம் பாட்டி வீட்டைப் பற்றிப் படிப்பதுபோல் இருக்கும். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு, குப்பையையும் கழிவையும் எருவாக்குதல். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கையும் உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய் பூமிக்குள் ஒருமுறை சேர்ந்தது, எடுத்தால் தீரும். வித்து ஆண்டுதோறும் விளைவது என்பதே அவர் கணக்கு.

பனையைப் பற்றி அவர்கள் சொன்னது நம் மாவட்டத்துக்கென்றே சொன்னது போலிருக்கிறது. கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் வேண்டும். பனை தானாக வறண்ட மண்ணில் நிற்கும். இனிப்பைப் பனையிலிருந்து எடுத்தால் கரும்பு கொள்ளும் நிலம் தானியத்துக்குக் கிடைக்கும். இதைக் கேட்காமல் நாம் பனைகளை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது 2021இல்தான்.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தை ஒட்டிச் சிறை சென்றவர், ஜபல்பூர்ச் சிறையில் எழுதியதே நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல். 1945இல் காந்தியடிகளின் முன்னுரையுடன் வெளிவந்தது. மாந்தோப்பில் புகுந்து பறித்துத் தின்னும் குரங்கு, கூடிச் சேர்த்துக் கூடி உண்ணும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் பறவை என்று இயற்கையிலிருந்தே பொருளாதாரங்களைப் பிரித்துக் காட்டினார். வாங்குபவனுக்கும் பொறுப்புண்டு என்பதை விளக்கக் கோகோவை எடுத்துக்கொண்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பில் விளைந்த கோகோவை வாங்கிக் குடிப்பவன், அந்தக் கொடுமையிலும் பங்கு வாங்குகிறான் என்றார்.

நான் அவரைப் படிக்கப் புகுந்த காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். அப்பா பயர் ஆபீசில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் கட்டணம் மருந்துக் கையால் சம்பாதித்த பணம். அந்தக் கோகோ டப்பாவின் இடத்தில் ஒரு பட்டாசுக் கட்டை வைத்துப் பார்த்தேன். ஒரு நொடியில் புகையாகும் பொருள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. பட்டாசில் பச்சை ஒளி தருவதே பேரியம்தான். பசுமைப் பட்டாசில் அது கூடாது!

ஆனால் குமரப்பாவின் தராசுக்கு மற்றொரு தட்டும் உண்டு. எத்தனை கைகளுக்கு வேலை கிடைக்கிறது, கூலி ஊரில் பரவுகிறதா, ஒருவரிடம் குவிகிறதா என்றும் அவர் கேட்பார். மழை பொய்த்த கரிசல் காட்டில் ஆயிரமாயிரம் அடுப்புகள் எரிவது இந்தத் தொழிலால். ஆகவே நகரத்து நண்பர்கள் சிலர் போல் ஒரே வரியில் ஒழிக என்று எழுத என்னால் ஆகாது. தொழிலாளிக்கு வேறு வழி காட்டாமல் காற்றை மட்டும் கணக்கில் எழுதுவது பாதிக் கணக்கு. காற்றை எழுதாமல் கூலியை மட்டும் எழுதுவதும் அப்படியே.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியபோது எங்கள் வீட்டில் சிரித்தார்கள். எங்களை விட்டு மஞ்சப்பை போனால்தானே மீண்டும் வருவதற்கு! நாங்கள் அப்படி வாழ்ந்தது வேறு வழியில்லாமல். அதிலிருந்து கரையேறவே அப்பா என்னைப் படிக்க அனுப்பினார். கொலம்பியாவில் பயின்ற குமரப்பாவோ விரும்பி அந்தப் பக்கம் நடந்தார். நானும் அவரும் எதிரெதிராகச் செல்லும் இரண்டு பேருந்துகளில் இருப்பதாகத் தோன்றியது. எனினும் அவர் வறுமையைப் போற்றியவர் அல்லர். உழுபவனுக்கு நிலம் உரிமையாக வேண்டும் என்று 1949இல் காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக அறிக்கை தந்தவர் அவரே. ஏழைக்கு உணவும் உடையும் கூட வேண்டும், வீண் குறைய வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அப்பாவின் ஆசையும் இதுவும் ஒன்றையொன்று முட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

விடுதலைக்குப் பின் பெரிய ஆலைகளையும் பெருந்திட்டங்களையும் நாடிய அரசோடு அவர் ஒத்துப்போகவில்லை. உடல்நலமும் குன்றியது. 1950களின் நடுவில் கல்லுப்பட்டிக்கு வந்து ஒரு சிறு குடிசையில் தங்கினார். வினோபா அங்கு வந்தபோது, சுவரில் இருந்த காந்தியடிகள் படத்தைக் காட்டித் தம் எசமானர் என்றாராம். பக்கத்தில் இருந்த ஏழை உழவர் ஒருவரின் படத்தைக் காட்டி, எசமானருக்கும் எசமானர் என்றாராம். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் குமரப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 68. காந்தியடிகள் சுடப்பட்டு அன்றோடு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன.