சுழன்றாலும் திசை மாறாது: அறிஞர் ஃபூக்கோ

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

பம்பரம் விடாத சிறுவர்கள் நம்மில் உண்டா? சாட்டையை உருவியதும் நிமிர்ந்து நின்று சுழலும் பம்பரம், வேகம் குறைந்தவுடன் தள்ளாடிச் சாய்கிறது. சுழலும் வரையில் அது விழுவதில்லை என்பது, பள்ளிக்குச் செல்லும் முன்பே நாம் தெருவில் கற்ற இயற்பியல் ஆகும். ஓடும் வண்டியிலிருந்து செயற்கைக்கோளை நோக்கும் ஆன்டெனாவின் இரகசியமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

வீட்டு மாடியில் உள்ள தட்டு ஆன்டெனாவை ஒருமுறை சரியாகத் திருப்பி, திருகாணியை முடுக்கிவிட்டால் போதும். நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள், நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போலவே தோன்றும். ஆனால் ஆன்டெனா ஒரு கப்பலின் மேல்தளத்திலோ வண்டியின் கூரையிலோ இருந்தால் என்ன ஆகும்? வண்டி வளைவில் திரும்பும், மேட்டில் ஏறும், பள்ளத்தில் குலுங்கும். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு, 12 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெறும்போது, ஒன்றரைப் பாகை விலகினாலே கிடைக்கும் திறன் பாதியாகிவிடுகிறது. எல்லாமே அசையும்போது அசையாத ஒரு திசையை எங்கே தேடுவது? செயற்கைக்கோளைக் கனவிலும் காணாத காலத்தில் இக்கேள்விக்கு விடை கண்டவர், பிரெஞ்சு அறிஞர் லியோன் ஃபூக்கோ.

ஃபூக்கோ 1819ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் நூல் வெளியீட்டாளர். அவரைச் சிறு வயதிலேயே இழந்த ஃபூக்கோ, தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார். உடல் நலம் குன்றியிருந்ததால் பெரும்பாலும் வீட்டிலேயே பாடம் பயின்றார். படிப்பில் மந்தமாக இருந்தாலும், கைகள் மட்டும் சும்மா இருந்ததில்லை. சிறு சிறு இயந்திரங்களைச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தகைய விரல்கள் அறுவை மருத்துவருக்கு ஏற்றவை என்று கருதி மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். ஆனால் இரத்தத்தைக் காண அவரால் இயலவில்லை. படிப்பு பாதியில் நின்றது.

வேறொருவராயின் மனம் உடைந்திருப்பார். ஃபூக்கோவோ, டோனே என்னும் மருத்துவப் பேராசிரியருக்கு நுண்ணோக்கிப் பணியில் உதவியாளரானார். செய்தித்தாளில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1845இல் நண்பர் ஃபீசோவுடன் சேர்ந்து சூரியனின் முகத்தை ஒளிப்படமாகப் பிடித்தார். ஒளி காற்றில் செல்வதைவிட நீரில் மெதுவாகவே செல்கிறது என்பதை 1850இல் சோதனையால் நிறுவினார். இவற்றுள் ஒன்றே ஒருவருக்குப் புகழ் தரப் போதுமானது. எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது, ஒரு லேத்து இயந்திரத்தில் அவர் கண்ட சிறு நிகழ்ச்சியே ஆகும்.

லேத்தில் மெல்லிய நீண்ட கம்பி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் நுனி மேலும் கீழுமாக அதிர்ந்துகொண்டிருக்க, கம்பியைப் பிடித்திருந்த பகுதி சுழன்றது. ஆயினும் அதிர்வு அதனுடன் சேர்ந்து திரும்பவில்லை. முன்பிருந்த தளத்திலேயே தொடர்ந்தது. பிடித்திருக்கும் பகுதி சுழன்றாலும் அதிர்வின் தளம் மாறாது என்றால், சுழலும் பூமியில் தொங்கவிட்ட ஊசலும் அப்படித்தானே ஆடவேண்டும்? இந்தச் சிந்தனை அவரை உறங்கவிடவில்லை.

தம் வீட்டு நிலவறையில் 2 மீட்டர் கம்பியில் 5 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டார். முதல் முயற்சியில் கம்பி அறுந்தது. 1851 சனவரி 8ஆம் நாள் அதிகாலை 2 மணிக்கு, ஊசலின் தளம் மெல்லத் திரும்புவதைக் கண்டார். உண்மையில் திரும்பியது ஊசலன்று; அவர் நின்ற தரையே! அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பாந்தியன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோகிராம் குண்டு ஆடியது. பூமி சுழல்வதை மக்கள் கண்ணெதிரே கண்டு வியந்தனர்.

ஊசலில் ஒரு சிக்கல் உண்டு. துருவத்தில் அதன் தளம் மணிக்கு 15 பாகை திரும்பும். பாரிஸில் ஏறத்தாழ 11 பாகை. நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. இடத்திற்கு இடம் மாறாத சாட்சி ஒன்றை ஃபூக்கோ தேடினார். கனமான சக்கரத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களில் பொருத்தி, எத்திசையிலும் தடையின்றித் திரும்ப விட்டு, அதிவேகமாகச் சுழற்றினார். தாங்கும் சட்டம் எப்படித் திரும்பினாலும் சக்கரத்தின் அச்சு தன் திசையை விடவில்லை. 1852இல் பிறந்த இக்கருவிக்கு ஜைரோஸ்கோப் என்று பெயரிட்டவரும் அவரே. கிரேக்க மொழியில், சுழற்சியைக் காண்பது என்பது அதன் பொருள். சக்கரத்தை இடையறாது சுழற்ற அன்று வழியில்லை. சில நிமிடங்களில் வேகம் தளர்ந்துவிடும். மின்மோட்டார் துணைக்கு வந்த பிறகே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களுக்கு ஜைரோ திசைகாட்டி கிடைத்தது.

கணிதம் போதாதவர் என்று ஃபூக்கோவைக் குறைவாக எண்ணிய அறிஞர்களும் இருந்தனர். 1855இல் இலண்டன் அரச கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. ஆனால் சொந்த நாட்டின் அறிவியல் கழகம் 1865இல்தான் அவரை உறுப்பினராக ஏற்றது. மூன்றே ஆண்டுகளில், 1868 பிப்ரவரி 11ஆம் நாள், வாதநோயால் தம் 48ஆம் வயதில் காலமானார். நகரும் விண்மீனின் ஒளியை, திரும்பும் கண்ணாடியால் ஒரே திசையில் நிறுத்தித் தரும் கருவியையும் அவர் வடிவமைத்திருந்தார். அது அவர் மறைவுக்குப் பின்னரே உருப்பெற்றது.

இனி நம் ஆன்டெனாவுக்கு வருவோம். தொடக்க காலக் கப்பல் ஆன்டெனாக்களில் சுழலும் சக்கரங்களே தட்டின் திசையைக் காத்தன. இன்று விரல்நகத்தினும் சிறிய சிலிக்கன் துண்டில் ஒரு நுண்பகுதி அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வண்டி திரும்பும்போது அதிர்வு பழைய தளத்திலேயே செல்ல முயல்கிறது. அதனால் விளையும் விலகலை மின்சுற்று அளக்கிறது. வண்டி இடப்புறம் எவ்வளவு திரும்பியதோ அவ்வளவு வலப்புறமாக மோட்டார் தட்டைத் திருப்புகிறது. இந்த அளவீட்டிலும் சிறிது சிறிதாகப் பிழை சேரும். ஆகவே தட்டு இருபுறமும் மிக மெல்ல அசைந்து, சமிக்ஞை எப்பக்கம் வலுக்கிறது என்று பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அன்று லேத்தில் அதிர்ந்த கம்பிதான் இன்று சிலிக்கனில் அதிர்கிறது என்றால் மிகையாகாது.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; லேத்துப் பட்டறைத் தொழிலாளி. விடுமுறையில் ஃபூக்கோவின் கதையை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டினார். நுனியை விரலால் சுண்டிவிட்டு, சக்கைக் கையால் மெதுவாகத் திருப்பினார். கம்பி மேலும் கீழுமாகவே ஆடியது. தொழில் பழகிய நாளிலிருந்தே இதைப் பார்த்திருப்பதாகவும், புத்தகத்தில் எழுதும் அளவுக்கு இதில் விஷயம் இருக்கும் என்று நினைத்ததில்லை என்றும் சொன்னார். ஏன் அப்படி ஆடுகிறது என்று கேட்க அவருக்கு நேரமும் இல்லை, கேட்டிருந்தால் பதில் சொல்ல ஆளும் இல்லை.

நண்பர்களே, வயலிலும் தறியிலும் பட்டறையிலும் நம் பெற்றோர் கண்டவை ஏராளம். அவர்கள் கேட்காமல் விட்ட கேள்விகளை நம் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவருவோம். அதற்காகத்தான் அவர்கள் நம்மை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.