விமானத்துக்குச் சமநிலை கற்பித்த வில்பர் ரைட்

விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் ரைட் சகோதரர்கள் என்பது பள்ளிப் பாடத்திலேயே அறிமுகமாகும் செய்தி. ஆனால், அவர்கள் தீர்த்து வைத்த சிக்கல் எது என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. ஆற்றல் மிக்க இயந்திரம் கிடைத்தால் மனிதன் பறந்துவிடலாம் எனப் பலரும் நம்பிய காலத்தில், எழும்பிய ஊர்தியைக் காற்றில் சமநிலையுடன் வைத்திருப்பதே கடினமான பணி என்பதை உணர்ந்தவர் மூத்தவரான வில்பர் ரைட்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி வில்பர் பிறந்தார். தந்தை மில்டன் ரைட் கிறிஸ்தவப் பேராயர். தாயார் சூசன் கருவிகளைக் கையாள்வதில் தேர்ந்தவர். 1878-இல் தந்தை வாங்கி வந்த, ரப்பர் பட்டையின் முறுக்கத்தால் மேலெழும் பொம்மை ஒன்று வில்பரையும் இளைய சகோதரர் ஆர்வில்லையும் வெகுவாகக் கவர்ந்தது.

திசை மாறிய இளமை

படிப்பிலும் விளையாட்டிலும் சிறந்து விளங்கிய வில்பர், யேல் பல்கலைக்கழகத்தில் சேர எண்ணியிருந்தார். பனித்தரையில் ஹாக்கி ஆடியபோது மட்டை முகத்தில் பட்டு முன்பற்களை இழந்த அவர், அதன் பின்னர் வீட்டுக்குள் ஒடுங்கினார். கல்லூரிக் கனவு கைவிடப்பட்டது. காசநோயால் நலிந்திருந்த தாயாரை, அவர் 1889-இல் மறையும் வரை கவனித்துக்கொண்டார். தந்தையின் நூலகத்தில் இருந்த நூல்களே அந்த ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தன.

பின்னர் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், சகோதரர்கள் இருவரும் அச்சகம் நடத்தினர். 1892-இல் மிதிவண்டிக் கடை தொடங்கினர். தானாக நிற்க இயலாத மிதிவண்டி, ஓட்டுபவர் இடைவிடாமல் செய்யும் சிறு திருத்தங்களால்தான் சாயாமல் ஓடுகிறது. இந்த அனுபவம் பின்னாளில் வில்பரின் சிந்தனைக்கு அடித்தளமாக அமைந்தது.

ஒரு மரணம் எழுப்பிய கேள்வி

ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால், இயந்திரமற்ற சறுக்கு விமானங்களில் சுமார் 2,000 முறை பறந்தவர். உடலை இப்படியும் அப்படியும் அசைத்தே அவர் சமநிலையைப் பேணினார். 1896 ஆகஸ்டில், பறந்துகொண்டிருந்தபோது சறுக்கு விமானம் வேகமிழந்து வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிரிழந்தார். இச்செய்தி வில்பரின் பழைய ஆர்வத்தை மீண்டும் தூண்டியது. 1899 மே மாதம் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பறத்தல் தொடர்பான வெளியீடுகளைக் கேட்டுப் பெற்றார்.

பறக்கும் ஊர்தியின் மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன. எடை கீழ்நோக்கி இழுக்கிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புவதால் பிறக்கும் தூக்குவிசை மேலே உயர்த்துகிறது. உந்துவிசை முன்னே செலுத்துகிறது. காற்றின் தடையான இழுவை பின்னுக்கு இழுக்கிறது. இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவற்றை விளக்கியிருந்தார். எனினும், காற்று ஒரு பக்கத்தைத் தூக்கியெறியும்போது ஊர்தியை எவ்வாறு நேர்ப்படுத்துவது என்பதற்கு நடைமுறைத் தீர்வு கிடைக்கவில்லை.

தீர்வு மிதிவண்டிக் கடையிலேயே பிறந்தது. டியூப் அடைத்து வரும் நீண்ட அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கியபோது, அதன் இரு முனைகளும் எதிரெதிர்க் கோணங்களில் திரும்புவதை வில்பர் கவனித்தார். இறக்கையையும் இவ்வாறே முறுக்கினால், காற்றை அதிகக் கோணத்தில் எதிர்கொள்ளும் பக்கம் உயரும், மறுபக்கம் தாழும். 1899-இல் பெரிய பட்டம் ஒன்றைக் கட்டி இதனைச் சோதித்து வெற்றி கண்டார்.

பொய்த்த கணக்கும் புதிய சோதனையும்

1900-ஆம் ஆண்டு முதல், வடக்கு கரோலினாவின் கிட்டி ஹாக் கடற்கரைப் பகுதியில் சறுக்கு விமானச் சோதனைகள் நடைபெற்றன. பலத்த காற்றும், விழுந்தால் தாங்கிக்கொள்ளும் மணலும் அங்கு இருந்தன. ஆனால், 1901-இல் கட்டிய ஊர்தி, கணக்கிட்ட தூக்குவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே அளித்தது. தமது வாழ்நாளில் மனிதன் பறக்கப்போவதில்லை என்ற மனச்சோர்வுடன் வில்பர் ஊர் திரும்பினார்.

அந்தச் சோர்வு நீடிக்கவில்லை. முன்னோர் தந்த அளவீடுகளைத் தாமே சரிபார்க்கச் சகோதரர்கள் முடிவு செய்தனர். 6 அடி நீளமுள்ள மரப்பெட்டியில் விசிறியால் காற்றைச் செலுத்தி, சுமார் 200 சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். காற்றழுத்தக் கணக்குகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த ஓர் எண், உண்மை அளவைவிட மிகுதியாக இருந்ததை உணர்ந்தனர். குறுகி நீண்ட இறக்கைகள் கூடுதல் பயன் தருவதையும் கண்டறிந்தனர்.

1902-இல் மற்றொரு சிக்கல் எழுந்தது. இறக்கையின் ஒரு பக்கம் உயரும்போது அங்கு இழுவையும் கூடியதால், ஊர்தி தவறான திசையில் திரும்பிச் சுழன்று வீழ்ந்தது. வாலில் அசையும் சுக்கானைப் பொருத்தும் யோசனையை ஆர்வில் முன்வைத்தார். அதனை இறக்கை முறுக்கத்துடன் இணைத்து இயக்க வில்பர் வழி கூறினார். பக்கவாட்டுச் சாய்வு, முகப்பின் ஏற்ற இறக்கம், இட வலத் திருப்பம் ஆகிய மூன்றும் இவ்வாறு ஓட்டுபவரின் கட்டுப்பாட்டில் வந்தன.

இதன் பிறகே அவர்கள் இயந்திரத்தின் பக்கம் திரும்பினர். கடைப் பணியாளர் சார்லி டெய்லர் 12 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தை உருவாக்கினார். சுழல்விசிறியைச் சுழலும் இறக்கையாகவே கருதிச் சகோதரர்கள் வடிவமைத்தனர். அதே காலத்தில், 50,000 டாலர் அரசு நிதியுடன் சாமுவேல் லாங்லி உருவாக்கிய 52 குதிரைத்திறன் ஊர்தி, 1903 டிசம்பர் 8-ஆம் தேதி இரண்டாவது முறையாக பொடோமக் ஆற்றில் விழுந்தது.

ஒன்பது நாள்களுக்குப் பின்னர், டிசம்பர் 17-ஆம் தேதி ஆர்வில் 12 விநாடிகள் பறந்தார். அன்றைய நான்காவது முயற்சியில் வில்பர் 59 விநாடிகளில் 852 அடி தொலைவைக் கடந்தார். 1905 அக்டோபரில் அவர் 39 நிமிடங்கள் தொடர்ந்து பறந்தார்.

புகழும் வழக்குகளும்

சகோதரர்களின் வெற்றியை ஐரோப்பா எளிதில் நம்பவில்லை. 1908 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பிரான்சின் லெ மான் அருகே வில்பர் பறந்தது 2 நிமிடங்களுக்கும் குறைவு. ஆயினும், காற்றில் சாய்ந்து வளைந்து திரும்பிய அந்த லாகவம் ஐயங்களைப் போக்கியது. அடுத்த மாதம் ஆர்வில் ஓட்டிய விமானம் அமெரிக்காவில் விபத்துக்குள்ளானதில், உடன் சென்ற ராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் உயிரிழந்தார். ஆர்வில் படுகாயத்துடன் உயிர்தப்பினார்.

இதற்கிடையே விமானம் உலகெங்கும் பரவத் தொடங்கியது. 1911 பிப்ரவரி 18-ஆம் தேதி இந்தியாவின் அலகாபாத்திலிருந்து நைனிக்கு பிரெஞ்சு விமானி ஹென்றி பெக்கே அஞ்சல் பைகளை விமானத்தில் கொண்டு சென்றார். ஆனால், வில்பரின் இறுதி ஆண்டுகளைப் புதிய வடிவமைப்புகளைவிடக் காப்புரிமை வழக்குகளே அதிகம் விழுங்கின. 1906-இல் பெற்ற காப்புரிமையின் மையம் இயந்திரம் அன்று. சமநிலைக் கட்டுப்பாட்டு முறையே. அதனைக் காக்கும் முயற்சியில் நீதிமன்றங்களுக்கும் வழக்கறிஞர்களிடமும் அலைந்து அவர் களைத்துப் போனார்.

டைஃபாய்டு காய்ச்சலால் பாதிக்கப்பட்ட வில்பர், 1912-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி டேட்டனில் உள்ள வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 45. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

முறுக்கும் இறக்கைகள் நெடுங்காலம் நீடிக்கவில்லை. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இன்றைய பயணிகள் விமானம் திரும்பும்போது, ஜன்னல் வழியே காணும் அந்தத் தகடுகள் ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்வது, வில்பர் கையில் முறுக்கிய அட்டைப்பெட்டி உணர்த்திய அதே முறையில்தான்.