சாய்ந்த கப்பலில் ஒற்றை மனிதர்: கேப்டன் கார்ல்சன் வரலாறு

1952-ம் ஆண்டு பிறந்தபோது, உலகத்தின் கண் எல்லாம் ஒரு கப்பலின் மேல் இருந்தது.

அட்லாண்டிக் கடலில், இங்கிலாந்துக்கு மேற்கே அந்தக் கப்பல் மிதந்து கொண்டிருந்தது. மிதந்தது என்று சொல்வது கூடச் சரி இல்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து, பாதி தண்ணீரில் படுத்துக் கிடந்தது. அதில் பயணிகள் இல்லை. மாலுமிகள் இல்லை. ஒரே ஒரு மனிதர் மட்டும் இருந்தார்.

அவர்தான் கப்பலின் கேப்டன். பெயர் கார்ல்சன். வயது 37.

எல்லோரையும் கரையேற்ற வழி செய்துவிட்டு, அவர் மட்டும் இறங்க மறுத்தார். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. புத்தாண்டு பிறந்ததும் அந்தக் கப்பலில்தான்.

ஹென்ரிக் கர்ட் கார்ல்சன் 1914-ம் ஆண்டு டென்மார்க்கில் பிறந்தவர். டென்மார்க் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த சிறிய நாடு. அங்கே பிள்ளைகள் கடலுக்குப் போவது புதுமை அல்ல. கார்ல்சனும் சிறு வயதிலேயே கப்பல் ஏறினார். படிப்படியாக உயர்ந்து கேப்டன் ஆனார். பிறகு அமெரிக்காவில் குடியேறினார். நியூஜெர்சி மாநிலத்தில் உட்பிரிட்ஜ் என்ற ஊரில் வீடு. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சொந்தமாக வானொலிக் கருவி வைத்துக்கொண்டு, எங்கெங்கோ இருப்பவர்களுடன் பேசுவார். இந்தப் பொழுதுபோக்கு ஒரு நாள் தம் உயிருக்கே துணை நிற்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அவர் வேலை பார்த்தது இஸ்பிராண்ட்சன் என்ற அமெரிக்கக் கப்பல் கம்பெனியில். அதன் முதலாளியும் டென்மார்க்கில் பிறந்தவர்தான். கார்ல்சன் நடத்திய கப்பலின் பெயர் பிளையிங் எண்டர்பிரைஸ். 6,711 டன் எடை அளவு கொண்டது. நீளம் 396 அடி. இரண்டாவது உலகப்போர் நடந்தபோது, 1944-ம் ஆண்டு, கலிபோர்னியாவில் கட்டப்பட்டது.

போர்க்காலத்துக் கப்பல்கள் பலவற்றில் ஒரு குறை இருந்தது. முன்பெல்லாம் இரும்புத் தகடுகளை ஆணி அடித்து இணைப்பார்கள். போரில் அவசரம். ஆகவே தகடுகளைப் பற்றவைத்து ஒட்டினார்கள். ஆணி அடித்த கப்பலில் ஒரு தகடு விரிந்தால், விரிசல் அந்தத் தகட்டோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலில் நிற்காது. துணி கிழிவது போல ஓடும். குளிர்ந்த கடலில் இரும்பு உறுதி இழக்கும் என்பதும் அனுபவத்தில் தெரிய வந்தது. நடுக்கடலில் இரண்டாக முறிந்த கப்பல்களும் உண்டு.

கிறிஸ்துமஸ் புயல்

1951-ம் ஆண்டு டிசம்பர் 21-ந்தேதி. ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் துறைமுகத்தில் இருந்து பிளையிங் எண்டர்பிரைஸ் புறப்பட்டது. போக வேண்டிய இடம் நியூயார்க். கப்பலில் 1,200 டன்னுக்கு மேல் இரும்புப் பாளம். மூட்டை மூட்டையாகக் காப்பிக்கொட்டை. கார்கள், தட்டெழுத்து எந்திரங்கள், இசைக் கருவிகள், பழங்காலக் கலைப் பொருட்கள் எல்லாம் இருந்தன. பயணிகள் 10 பேர். மாலுமிகள் சுமார் 40 பேர்.

கிறிஸ்துமஸ் இரவில் புயல் பிடித்தது. நாளுக்கு நாள் வலுத்தது. மலை போன்ற அலைகள் கப்பலைத் தூக்கித் தூக்கிப் போட்டன. கப்பலின் மேல்தளத்தில் விரிசல் விழுந்தது. மாலுமிகள் இரும்புக் கயிறுகளைப் போட்டு இழுத்துக் கட்டினார்கள். சிமெண்டைக் குழைத்துப் பூசினார்கள். வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலைப் பூசுவது போலத்தான்! ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

28-ந்தேதி இன்னொரு பேரலை மோதியது. உள்ளே இருந்த சரக்கு ஒருபக்கமாகச் சரிந்தது. கப்பல் இடது பக்கம் சாய்ந்தது; மறுபடி நிமிரவே இல்லை.

கார்ல்சன் அபாய அறிவிப்பு அனுப்பினார். அக்கம்பக்கத்தில் போய்க் கொண்டிருந்த கப்பல்கள் விரைந்து வந்தன.

டிசம்பர் 29. கப்பல் சாய்ந்து கிடந்ததால் அதன் உயிர்காக்கும் படகுகளை இறக்க வழியில்லை. மற்ற கப்பல்களின் படகுகளும் பக்கத்தில் ஒட்டி நிற்க முடியாது; அலை மோதி நொறுக்கிவிடும். ஒரே வழிதான் இருந்தது. கடலில் குதிக்க வேண்டும். குதித்தவர்களைப் படகுகள் பொறுக்கிக் கொள்ளும்.

பயணிகளில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். டிசம்பர் மாத அட்லாண்டிக் கடல். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். பயந்தவர்களைத் தனியே குதிக்கச் சொன்னால் குதிப்பார்களா? ஒரு பயணிக்கு ஒரு மாலுமி என்று ஜோடி சேர்த்தார்கள். மாலுமி பயணியைப் பிடித்துக் கொள்வார். இருவரும் சேர்ந்து குதிப்பார்கள். இப்படியே எல்லோரும் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பயணி உயிர் இழந்தார். மற்ற எல்லோரும் தப்பினார்கள்.

பிறகு வந்த ஆரவாரத்தில் அந்த ஒரு பயணியை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. அவருடைய குடும்பத்துக்கு அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வேறு விதமாகத்தான் நினைவில் இருந்திருக்கும்.

ஏன் இறங்கவில்லை?

கடைசியாகக் கேப்டன் இறங்க வேண்டும். கார்ல்சன் இறங்கவில்லை. கப்பலை இழுத்துப் போக இழுவைக் கப்பல் வரும் வரை இருப்பேன் என்று தெரிவித்துவிட்டார்.

இது வெறும் பிடிவாதம் அல்ல. கடல் சட்டத்தில் ஒரு விஷயம் உண்டு. ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட கப்பலை யார் வேண்டுமானாலும் பிடித்து இழுத்துக் கரை சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தவர் பெரிய வெகுமதி கேட்டு வழக்குப் போடலாம். கண்டவருக்கே கப்பல் சொந்தம் என்று சிலர் சொல்வது தவறு. ஆனால் வெகுமதி உண்டு. கேப்டன் கப்பலில் இருக்கும் வரை, அது கைவிடப்பட்ட கப்பல் ஆகாது. முதலாளியின் சொத்து முதலாளியின் சொத்தாகவே இருக்கும்.

இரும்புக்கும் காப்பிக்கொட்டைக்கும் ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைப்பதா? அப்போதே பலர் இப்படிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மனைவி இருக்கிறாள். சின்னப் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் கார்ல்சன் கணக்குப் பார்த்தது சரக்கின் விலையை அல்ல என்று தோன்றுகிறது. கப்பல் இன்னும் மிதக்கிறது. அதைத் தம் பொறுப்பில் ஒப்படைத்திருக்கிறார்கள். மிதக்கும் வரை விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை.

தனிமை

சாய்ந்த கப்பலில் ஆறு நாள் தனியாக இருந்தார்.

கப்பல் 60 டிகிரி வரை சாய்ந்துவிட்டது. சுவரில் சாய்த்து வைத்த ஏணி எப்படி நிற்குமோ, அப்படி நின்றது தளம். நடக்க முடியாது. பிடித்துப் பிடித்துத் தொங்கித்தான் போக வேண்டும். அறைக்குள்ளே சுவர்தான் தரை. எந்திரம் நின்றுவிட்டது. விளக்கு இல்லை. வெந்நீர் இல்லை. சரக்குகள் உள்ளே உருண்டு மோதும் சத்தம். வெளியே அலை.

அப்போது கைகொடுத்தது அவருடைய வானொலிதான். பாட்டரியில் ஓடிய கருவியின் மூலம் பக்கத்துக் கப்பல்களுடன் பேசினார். ஜனவரி 2-ந்தேதி ஜான் வீக்ஸ் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் காவலுக்கு வந்து சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் கயிறு போட்டுச் சூடான காப்பியும் உணவும் அனுப்பினார்கள்.

அவர் பேசிய செய்தி எல்லாம் பத்திரிகைகளில் வந்தது. காலையில் எழுந்ததும், கேப்டன் இருக்கிறாரா, கப்பல் இருக்கிறதா என்று பார்ப்பது பல நாட்டு மக்களுக்கும் வழக்கமாகிவிட்டது. நகராத கேப்டன் என்று அவருக்குப் பட்டப்பெயரும் கிடைத்தது.

ஜனவரி 3-ந்தேதி டர்மாயில் என்ற பிரிட்டிஷ் இழுவைக் கப்பல் வந்தது. வலிமை வாய்ந்த கப்பல் அது. ஆனால் இழுவைக் கப்பல் வந்தால் மட்டும் போதுமா? வடத்தைக் கட்ட வேண்டுமே! முதலில் மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பெரிய கயிறு வரும். அதன் பின்னால் கனமான இரும்பு வடம் வரும். எந்திரம் ஓடும் கப்பலிலேயே இதற்குப் பல ஆட்கள் வேண்டும். இங்கே எந்திரமும் இல்லை. இருப்பது ஒரே ஆள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். மிச்சம் ஒரு கைதான். கார்ல்சன் திரும்பத் திரும்ப முயன்றார். கயிறு வழுக்கி வழுக்கிப் போய்விட்டது.

ஒரு தாவல்

ஜனவரி 4. டர்மாயில் மறுபடியும் நெருங்கியது. இரண்டு கப்பல்களின் பின்பக்கங்களும் மோதிக்கொள்ளும் அளவுக்கு அருகே வந்தன. அந்த ஒரு கணத்தில், டர்மாயில் கப்பலின் துணை அதிகாரி ஒருவர் எட்டிக் கம்பியைப் பிடித்துத் தாவினார். தவறியிருந்தால் இரண்டு கப்பல்களுக்கும் நடுவே நசுங்கிப் போயிருப்பார். தாவியவர் பெயர் கென்னத் டான்சி. வயது 27.

இத்தனை நாளுக்குப் பிறகு இரண்டாவது மனிதர்! முன்பின் பார்த்திராத இருவர். கார்ல்சனும் டான்சியும் சேர்ந்து வடத்தைக் கட்டினார்கள். 5-ந்தேதி இழுவை தொடங்கியது.

இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகம் 300 கடல் மைல் தொலைவில் இருந்தது. மனிதன் நடக்கும் வேகத்தில்தான் கப்பல் நகர்ந்தது. ஆனாலும் நகர்ந்தது! காவலுக்கு வந்த நாசகாரிக் கப்பலும் மாறியது. வில்லார்ட் கீத் என்ற கப்பல் வந்தது. பால்மவுத்தில் உள்ள விடுதிகள் எல்லாம் நிருபர்களால் நிறைந்தன. டென்மார்க்கில் இருந்து கார்ல்சனின் வயதான தாய் தந்தையரும் வந்து சேர்ந்தார்கள். வரவேற்புக்கு ஊரே தயாராக இருந்தது.

கரை சுமார் 40 மைல் தொலைவில் இருந்தபோது, கடல் மறுபடியும் சீறியது. வடம் அறுந்தது.

வேறு இழுவைக் கப்பல்களும் ஓடி வந்தன. காற்றும் அலையும் ஒன்றையும் கிட்டே விடவில்லை. ஹெலிகாப்டர் வைத்து இருவரையும் தூக்க நினைத்தார்கள், அதுவும் முடியவில்லை. கப்பல் இன்னும் சாய்ந்தது. புகைபோக்கி தண்ணீரைத் தொடும் அளவுக்குப் படுத்துவிட்டது.

ஜனவரி 10, பிற்பகல் மூன்றரை மணி அளவில், கார்ல்சனும் டான்சியும் வெளியே வந்தார்கள். படுத்துக் கிடந்த புகைபோக்கியின் மேலேயே நடந்தார்கள். அதன் நுனியில் இருந்து கடலில் குதித்தார்கள். டர்மாயில் சில நிமிடங்களில் இருவரையும் தூக்கிக் கொண்டது.

4 மணி 10 நிமிடத்துக்கு பிளையிங் எண்டர்பிரைஸ் மூழ்கியது. சுற்றி நின்ற கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதி விடை கொடுத்தன.

கப்பலைக் காப்பாற்றவில்லை. சரக்கு போயிற்று. இழுவைக் கப்பலுக்கும் பலன் இல்லை; கரை சேர்த்தால்தான் கூலி என்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஆனாலும் பால்மவுத் மக்கள் கார்ல்சனை வெற்றி வீரர் போல வரவேற்றார்கள். அவருக்கோ கூச்சம். கப்பலைக் கொண்டுவர முடியவில்லையே என்பதுதான் அவர் மனதில் இருந்தது. லண்டனில் லாயிட்ஸ் நிறுவனம் வெள்ளிப் பதக்கம் கொடுத்துக் கவுரவித்தது.

ஜனவரி 17-ந்தேதி நியூயார்க் நகரில் ஊர்வலம். அந்த ஊரில் பெருமைக்கு உரியவர்கள் வந்தால், உயரமான கட்டிடங்களின் ஜன்னல்களில் இருந்து தந்திக் காகிதத் துணுக்குகளை மழையாகப் பொழிவார்கள். நம் ஊரில் பூ தூவுவது போல. பிராட்வே வீதியில் கார்ல்சன் மீது அந்த மழை பொழிந்தது.

அடுத்து வந்தது பண மழை. சினிமாக் கம்பெனிகளும் மற்றவர்களும் பெரும் தொகையை நீட்டி, கதையைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கார்ல்சன் மறுத்துவிட்டார். தம் கப்பலைக் காக்க ஒரு மாலுமி செய்த முயற்சி விற்பனைச் சரக்கு அல்ல என்பது அவர் கருத்து. சாய்ந்த கப்பலில் தொங்கிக் கொண்டிருந்ததை விட இதுதான் கடினம் என்று சொல்லலாம். மாதச் சம்பளக்காரர், குடும்பஸ்தர் ஒருவர் அப்படி மறுப்பது லேசான காரியமா?

வதந்திகளும் கிளம்பின. அருகே வேறு துறைமுகம் இருக்க, பால்மவுத்துக்கு ஏன் இழுத்தார்கள்? கப்பலில் ரகசியச் சரக்கு இருந்ததா? அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கான உலோகம் இருந்தது என்று கூடப் பிற்காலத்தில் பேசப்பட்டது. 1953-ம் ஆண்டு இத்தாலியக் கம்பெனி ஒன்று கடலின் அடியில் இருந்து சில பொருட்களை எடுத்து வந்ததும், அந்தப் பேச்சுக்குத் தீனி போட்டது. கார்ல்சன் இவற்றை எல்லாம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அவர் மறுபடியும் கடலுக்குப் போனார். அதே கம்பெனி அதே ஆண்டில் அவருக்கு வேறு கப்பல் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் பிளையிங் எண்டர்பிரைஸ் 2. ஆரவாரம் அடங்கியது. அவரும் மற்றக் கேப்டன்களைப் போலச் சரக்கு ஏற்றி, சரக்கு இறக்கி, பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1989-ம் ஆண்டு, 75-வது வயதில் காலமானார்.

2001-ம் ஆண்டு முக்குளிப்போர் சிலர் இங்கிலாந்துக் கடலில் இறங்கி அந்தப் பழைய கப்பலைப் பார்த்தார்கள். சுமார் 280 அடி ஆழத்தில் கிடக்கிறது. அன்று சாய்ந்த அதே இடது பக்கமாகவே படுத்திருக்கிறது.