மறதி நோயை ஆய்ந்த மருத்துவர்

செர்மனி நாட்டில் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் 1864-ஆம் ஆண்டு பிறந்தவர் அலாய்சு அல்சைமர். அவர் மருத்துவம் பயின்று, 1888-இல் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். 1901-இல் அகுஸ்தே என்னும் 51 வயது மாது அங்குக் கொணரப்பட்டார். தம் பெயரை முழுதும் எழுதவும் அவரால் இயலவில்லை. அல்சைமர் அவரோடு பொறுமையுடன் பலகால் உரையாடி, யாவற்றையும் குறித்து வைத்தார். மியூனிக் நகருக்குச் சென்ற பின்னும் அவரை மறந்தாரல்லர். 1906-இல் அம்மாது இறந்ததும், அவருடைய மூளையை வருவித்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு இடையே படிவுகளையும், அவற்றினுள்ளே சிக்குண்ட இழைகளையும் கண்டார். அவ்வாண்டே அறிஞர் அவையில் அதனை உரைத்தார், வினவினார் எவருமிலர். எனினும் 1910-இல் பேராசிரியர் கிரேப்பலின் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார். 1915-இல் தமது 51-ஆம் வயதில் அல்சைமர் மறைந்தார்.

அபோ-இ4 என்னும் மரபணு வகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1993-இல் வெளிப்பட்டது. அதனை உடையோர்க்குச் சிறு மறதி பெருநோயாக முற்றும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் அதுவே விதியன்று. விழுப்புரமாயினும் திண்டிவனமாயினும், பேரன் பெயரை மறந்த பாட்டனார் உள்ள இல்லங்களில் வேண்டப்படுவது அல்சைமரின் பொறுமையே.