நூற்பாலைத் தொழிலாளியின் மகன் எர்ன்ஸ்ட் அபே

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். கல்லூரி நினைவுகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானியரைப் பற்றி எழுதுகிறேன். முதலாண்டு பிசிக்ஸ் லேபில் ப்ரிஸத்தின் நிறப்பிரிகைத் திறன் கண்டுபிடிப்போமே, அதைத் தலைகீழாக்கினால் வருவதுதான் அபே எண். அந்த அபே இவர்தான்.

அபே 1840 ஜனவரி 23 அன்று ஐசனாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தினமும் 14 முதல் 16 மணி நேரம் வேலை, சாப்பாட்டுக்கென்று இடைவேளை கிடையாது. மதியச் சாப்பாடு கொண்டுபோவது சிறுவன் எர்ன்ஸ்டின் வேலை. அப்பா மெஷினில் சாய்ந்தபடியே அவசரமாகச் சாப்பிட்டு, காலிப் பாத்திரத்தைப் பையன் கையில் கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்பிவிடுவார். இந்தக் காட்சியை அபே கடைசி வரை மறக்கவில்லை.

பையன் கெட்டிக்காரன். மில் முதலாளியே படிப்புக்கு உதவினார். யேனாவிலும் கோட்டிங்கனிலும் படித்து, 1861-ல் டாக்டர் பட்டம் வாங்கி, யேனா பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானார்.

அதே ஊரில் கார்ல் ஸைஸ் 1846 முதல் ஒரு பட்டறை வைத்து மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் லென்ஸ் செய்வது கைப்பழக்கம்தான். தேய்த்துப் பார்ப்பது, மாட்டிப் பார்ப்பது, சரியில்லை என்றால் வேறொன்றைத் தேய்ப்பது. கணக்குப் போட்டு லென்ஸ் செய்ய முடியாதா என்று கேட்டு, 1866-ல் அபேயைத் துணைக்கு அழைத்தார் ஸைஸ்.

அபே கணக்குப் போட்டார். குறைகள் குறையட்டும் என்று லென்ஸின் திறப்பைச் சிறியதாக வைத்தார். படம் பழைய லென்ஸை விட மோசமாக வந்தது! நாமாக இருந்தால் பட்டறைக்காரர் மேல் பழி போட்டிருப்போம். அவர் ஏன் என்று தேடினார். நுண்ணிய பொருளில் பட்டு ஒளி விரிந்து சிதறுகிறது, அந்த ஒளியை லென்ஸ் எவ்வளவுக்கு வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவுக்குத்தான் நுணுக்கம் தெரியும் என்று கண்டுபிடித்தார். 1873-ல் அதை வெளியிட்டார். சாதாரண மைக்ராஸ்கோப்பில், ஒளியின் அலைநீளத்தில் சுமார் பாதிக்கும் கீழே நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது என்கிற எல்லை இதிலிருந்து வந்ததுதான். நல்ல கண்ணாடிக்காக ஓட்டோ ஷாட் என்பவருடன் சேர்ந்து 1884-ல் யேனாவில் கண்ணாடித் தொழிற்சாலையும் தொடங்கினார்கள்.

என் வேலைக்கு நெருக்கமான விஷயம் இனிமேல்தான். ஒற்றைக் குழாயில் ஒரு கண்ணால் பார்த்தால் மேடு பள்ளம் தெரியாது. 1880 வாக்கில் அபே, ஒரே லென்ஸிலிருந்து வரும் ஒளியை ப்ரிஸத்தால் பிரித்து இரண்டு கண்ணுக்கும் அனுப்பும் ஐபீஸ் ஒன்றை வடிவமைத்தார். 1892-ல் கிரீனோ என்ற அமெரிக்க உயிரியலாளர் அபேயிடம் வேறொரு யோசனை சொன்னார்: ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி மைக்ராஸ்கோப், இரண்டையும் கொஞ்சம் சாய்த்து ஒரே ஸ்டாண்டில் வைத்தால் என்ன? ஸைஸ் நிறுவனம் 1890-களிலேயே அதைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. படம் தலைகீழாகத் தெரியாமல் நிமிர்ந்து தெரிய உள்ளே ப்ரிஸங்கள். இன்று மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பித்தளை இரட்டைக் குழாய்களின் வாரிசுதான், எங்கள் பேக்டரியில் சால்டரிங் சரிபார்க்கும் மேஜை மேல் நிற்கிறது.

அபே 1875-ல் ஸைஸுடன் பங்குதாரராகச் சேர ஒப்பந்தம் செய்தார். ஸைஸ் 1888-ல் காலமானார். கம்பெனி கொழித்தது, அபே பெரும் பணக்காரர். அப்போது அவர் செய்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1889-ல் ஒரு அறக்கட்டளை அமைத்தார். 1891-ல் தன் பங்கு முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டு, தானும் சம்பளம் வாங்கும் நிர்வாகியாக வேலை செய்தார். அறக்கட்டளைக்குத் தன் பெயரை வைக்கவில்லை, கார்ல் ஸைஸ் பெயரை வைத்தார்.

1896-ல் எழுதிய விதிகளைப் பாருங்க. ஓய்வூதியம், சம்பளத்தோடு விடுப்பு, லாபத்தில் பங்கு. மதமோ கட்சியோ பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது. மேல்மட்ட நிர்வாகியின் சம்பளம் தொழிலாளியின் சராசரி வருமானத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது. இவை முதலாளி பார்த்துப் போடும் சலுகையாக இல்லாமல் தொழிலாளியின் உரிமையாக இருக்க வேண்டும் என்பதில் அபே பிடிவாதமாக இருந்தார்.

1900-ல் வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். அதையும் இன்ஜினியர் மாதிரிதான் செய்தார். முந்தைய வருடம், அடுத்த வருடம் இரண்டிலும் பீஸ் ரேட்டில் வேலை செய்த 233 பேரின் கணக்கை ஒப்பிட்டார். உற்பத்தி குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கும் பெண்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் பழுதான பீஸ்கள் அதிகம் தப்பிப் போகும். கவனம் பத்தலைன்னு மீட்டிங்கில் திட்டுவோம். அந்த ஷிஃப்ட் சார்ட்டைப் போட்டவன் நான்தான். அபே மாதிரி ஒரு தடவையாவது கணக்கெடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

உடல்நலம் கெட்டு 1903-ல் நிர்வாகத்திலிருந்து விலகிய அபே, 1905 ஜனவரி 14 அன்று யேனாவில் காலமானார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களிலும் பலர் ஷிஃப்ட் சார்ட் போடத்தான் போகிறீர்கள். போடும்போது, மெஷினில் சாய்ந்து நின்று சாப்பிட்ட அந்த அப்பாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது மியூசியத்தில் பழைய யேனா மைக்ராஸ்கோப்பைப் பார்த்தால் அதில் பொறித்திருக்கும் பெயரையும் பாருங்கள். கார்ல் ஸைஸ், யேனா என்றுதான் இருக்கும்.